மூன்றாம் உருளையின் கயிறு

பதினான்காம் விளக்கு எரிந்தபோது யாரும் எதையும் தொட்டிருக்கவில்லை.

நகக்கண் அளவுப் பச்சை விளக்கு. எந்திரங்களை இயக்க, புதிதாக மாட்டிய கன்ட்ரோலரின் நெற்றியில் வரிசைக்குப் பதினாறாக விளக்குகள் இருந்தன; முதல் வரிசையில் கடைசியிலிருந்து மூன்றாவது ஒரு தரம் எரிந்து அணைந்தது. யுஸ்னி தேநீர்க் குவளையை உதட்டிலிருந்து இறக்கி மறுபடி பார்த்தாள். ஒன்றுமில்லை. மழை நாளில் கம்பிகள் ஈரம் குடித்து இப்படிச் சேட்டை செய்வதுண்டு என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். காலையிலிருந்து பத்தாங்ஹாரி ஆற்றின் மேல் கொட்டிக்கொண்டிருந்த மழை ஆலையின் தகரக் கூரையை ஓயாமல் அறைந்தது. கட்டுப்பாட்டு அறையின் கண்ணாடிக்குக் கீழே உருளைக் கொட்டகை பகல் பத்து மணிக்கே பாதி இருட்டில் கிடந்தது. ஊறிய ரப்பர்க் கட்டிகளின் வாடை, செத்த எலியையும் திரிந்த பாலையும் ஒரே சாக்கில் கட்டிப்போட்டது போன்ற அந்த வாடை, கதவிடுக்கு வழியாக ஏறி வந்து தேநீருக்குள்ளும் இறங்கியிருந்தது. பத்து வருஷம் இதே வாடையில் வேலை பார்த்தவளுக்கு அது எப்போதோ மூக்குக்குத் தெரியாமல் போயிருந்தது. இன்று தெரிந்தது.

நோன்புப் பெருநாளின் இரண்டாம் நாள். நானூறு பேர் வேலை செய்யும் ஆலையில் மூன்றே பேர் இருந்தார்கள். கீழே கொட்டகையில் தலைமைப் பொறியாளர் ஹர்யோனோ. மாடியறையில் மின்பிரிவு டெக்னீஷியன் யுஸ்னி. வாசலில் காவலாளி பசாரிபு. ஆலை ஓடும் நாளில் கன்ட்ரோலரை மாற்ற முடியாது, விடுமுறையில்தான் முடியும். அதனால்தான் பிள்ளையை மாமியார் வீட்டில் விட்டுவிட்டு யுஸ்னி வந்திருந்தாள்.

காலையில் வாசலில் நுழையும்போது பசாரிபு குடையோடு ஓடிவந்தார். "உங்க பெருநாளுக்கு நான் காவல். எங்க கிறிஸ்துமஸுக்கு நீ வந்து கேட்டுல உக்காரு தங்கச்சி, கணக்கு சரியாப் போயிரும்" என்று வழக்கமான கேலியைச் சொன்னார். பிறகு மாடிப்படி வரை கூடவே வந்தவர், படிக்கு எதிர்ச் சுவரைப் பார்க்காமல் திரும்பிப் போனார். யுஸ்னியும் அதைப் பார்ப்பதில்லை. பார்க்காமலே அதில் இருப்பது அவளுக்கு மனப்பாடம். சட்டமிட்ட பெரிய சுவரொட்டி. மேலே சிவப்பு எழுத்தில், 'கவனக்குறைவு உயிரைக் கொல்லும்'. கீழே மூன்றாம் உருளையின் படம். மூலையில் ஆலை அடையாள அட்டையிலிருந்து எடுத்துப் பெரிதாக்கிய, கொஞ்சம் சிரிக்கும் முகம்.

தர்மிஸி. அவள் கணவன்.

ஐந்து மாதத்துக்கு முன் மூன்றாம் உருளை வலது கை வழியாக அவனை இழுத்துக்கொண்டது. ரப்பர்க் கட்டியை இரண்டு இரும்பு உருளைகளுக்கு நடுவே விட்டுத் தாளாக நசுக்கும் எந்திரம் அது. உருளைக்கு மேலே, கை எட்டும் உயரத்தில், ஒரு கயிறு குறுக்கே ஓடும். துணியோ விரலோ மாட்டினால் அதை இழுக்க வேண்டும். எந்திரம் அங்கேயே நின்றுவிடும். உயிர்க்கயிறு என்றுதான் அதற்கு ஆலையில் பெயர். அன்றைக்குத் தர்மிஸி அதை இழுக்கவேயில்லை என்று ஆலையின் பதிவேடு சொன்னது. விசாரணைக்கு வந்தவர்களிடம் ஹர்யோனோ அச்சடித்த தாளை நீட்டினார். கயிறு என்ற கட்டத்தில் எல்லாம் சைபர். ஆள் தூங்கியிருக்கிறான், இல்லையென்றால் போனைப் பார்த்திருக்கிறான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்கள். காப்பிக் கடையில் அவனுக்குத் தூங்குமூஞ்சி என்று பெயர் வைத்தார்கள். ஒன்பது வயது மகள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, "அப்பா தூங்கிட்டாராம்மா?" என்று கேட்டாள்.

யுஸ்னியும் அதை நம்பினாள். நேற்று பெருநாள் தொழுகை முடிந்து எல்லாரும் அவரவர் வீட்டாரைப் புதைத்த கபர்களுக்குப் பூ தூவப் போனபோது, அவளும் போய்த் தர்மிஸியின் தலைமாட்டில் குந்தி, பூவைத் தூவாமல் கையில் வைத்துக்கொண்டு, பல்லைக் கடித்துக் கேட்டாள்: "கைக்கெட்டுற தூரத்துலதானே இருந்துச்சு? ஏன் இழுக்கல நீ?"

வாக்கி-டாக்கி கரகரத்தது.

"யுஸ்னி, ஆரம்பிக்கலாமா? ஒண்ணாம் உருளை, முன் கதவு. அமுக்கிட்டேன்."

முதல் விளக்கு எரிந்தது. "வந்துருச்சு சார்."

வேலை எளிது, ஆனால் அலுப்பு பிடித்தது. கீழே ஹர்யோனோ ஒவ்வொரு பொத்தானாக, ஒவ்வொரு சுவிட்சாகத் தொட வேண்டும். தொட்டதும் மாடியில் ஒரு விளக்கு எரியும். எந்தக் கம்பியின் சேதி எந்த முகவரிக்குப் போய்ச் சேர வேண்டும் என்று யுஸ்னி கணினியில் ஒரு வரி எழுத வேண்டும். இப்படி இருநூற்றுப் பன்னிரண்டு வரி. கன்ட்ரோலருக்குக் கண்ணில்லை, காதில்லை. இந்தப் பட்டியல்தான் அதற்கு எல்லாம். ஒரு முகவரி தப்பினால் உருளையின் திறந்த காப்புக் கதவை மூடிய கதவு என்று நம்பிக்கொண்டு எந்திரத்தை ஓட்டும்.

எந்திரங்களுக்கான மின்சாரம் முழுவதும் துண்டிக்கப்பட்டிருந்தது. மெயின் சுவிட்சில் அவளே பூட்டுப் போட்டிருந்தாள். விளக்குகளுக்கும் கன்ட்ரோலருக்கும் மட்டும் தனியாகச் சின்ன மின்சாரம்.

"ரெண்டாம் உருளை, பின் கதவு."

"வந்துருச்சு."

"ரெண்டாம் உருளை, கயிறு."

"வந்துருச்சு சார்."

"என்ன குரல் கம்முது? பெருநாள் சாப்பாடு கண்ணக் கட்டுதா?" ஹர்யோனோ சிரித்தார். "தூக்கம் உங்க வீட்டு வியாதி போல."

யுஸ்னி அடுத்த வரியை எழுதினாள். வாக்கி-டாக்கியில் மழை மட்டும் கேட்டது. "சும்மா சொன்னேம்மா, மனசுல வச்சுக்காத" என்று அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "மூணாம் உருளைக்கு வந்துட்டேன். முன் கதவு."

"வந்துருச்சு."

"பின் கதவு."

"வந்துருச்சு."

"அவ்ளோதான். நாலாம் உருளைக்குப் போறேன்."

"மூணாவது கயிறு சார்?"

"அது வேணாம். காலியா விட்டுரு."

அவர் சொல்லி முடிக்கும் முன்பே பதினான்காம் விளக்கு எரிந்தது.

இந்த முறை ஒரு தரம் அல்ல. எரிந்து அணைந்து, எரிந்து அணைந்து, அவசர அவசரமாக ஐந்து தடவை. பிறகு கொஞ்சம் தாமதித்து ஒன்று. பிறகு வெகு நேரம் கழித்து, விட்டுவிட்டதென்று அவள் நினைத்த பிறகு, கடைசியாக ஒன்று. ஏழு. விளக்கின் பச்சை வெளிச்சம் எதிரே இருந்த கண்ணாடியில் பட்டு, அதற்கு அப்பாலுள்ள இருட்டில் யாரோ கண் சிமிட்டியது போல் தெரிந்தது.

"சார், மூணாவது கயிறத் தொடுறீங்களா?"

"நான் நாலாவது பக்கம் நிக்கிறேன்."

"பதினாலு எரியுதே. அது மூணாவது கயிறோட இடம்தானே."

"எப்பிடி எரியும்? அந்தக் கம்பியக் காலைலதான் நானே பிடுங்கிப் போட்டேன். சுருட்டி என் பைல கிடக்கு இப்ப." அவர் குரலில் எரிச்சல் ஏறியிருந்தது. "ஈரம்மா. ஈரம். நீ அடுத்த வரிய எழுது."

யுஸ்னி எழுந்து பேனலுக்குப் பக்கத்தில் போனாள். பதினான்காம் துளையில் கம்பி இல்லை. செம்பு நுழைய வேண்டிய ஓட்டை கறுப்பாக வாய் திறந்திருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதற்கு நேர் மேலே விளக்கு மறுபடி துடித்தது. கிட்டத்தில் நின்றபோது அவளுக்குச் சத்தமும் கேட்டது. மெல்லிய டிக். இறுக்கிக் கட்டிய கயிறு ஒரு உதறலில் சுவிட்சைச் சுண்டும் ஓசை. அது பேனலுக்குள்ளிருந்து வரவில்லை. கண்ணாடிக்குக் கீழே, கொட்டகையின் ஆழத்திலிருந்து, மழையைத் தாண்டிக்கொண்டு வந்தது.

டிக். டிக் டிக். டிக். டிக்.

டிக்.

அவள் கடைசி ஓசைக்காகக் காத்திருந்தாள். அது வந்தது.

நாற்காலிக்குத் திரும்பிப் பழைய பட்டியலைத் திறந்தாள். புதுக் கன்ட்ரோலருக்குப் பக்கத்திலேயே பழையது இன்னும் மாட்டியிருந்தது. பேட்டரியில் அதன் நினைவு உயிரோடிருந்தது. வேலை முடிந்ததும் அதைக் கழற்றித் தன் கையில் கொடுக்க வேண்டும், ஆலைக் குப்பையில் போடக் கூடாது என்று ஹர்யோனோ காலையில் இரண்டு தடவை சொல்லியிருந்தார். அப்போது அவளுக்கு அது வினோதமாகப் படவில்லை.

மூன்றாம் உருளை. முன் கதவு, பின் கதவு, கயிறு.

கதவுகளின் சேதி எந்திரத்தை நிறுத்தும் முகவரிக்குப் போயிற்று. கயிற்றின் சேதி அங்கே போகவில்லை. எவரும் படிக்காத, எதற்கும் பயன்படாத ஒரு காலி முகவரிக்குப் போயிற்று. பக்கத்தில் ஒரு குறிப்பு: 'தற்காலிகம்'. தேதி, போன பெருநாள் விடுமுறை. எழுதியவர் பெயர்: யுஸ்னி.

அவளுக்கு நினைவு வந்தது. மறந்தே போயிருந்த ஒரு மத்தியானம், முகத்தில் தண்ணீர் அடித்தது போல் வந்தது. இதே நாற்காலி. பின்னால் நின்று ஹர்யோனோ படிக்கப் படிக்க அவள் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். முன்பெல்லாம் கயிற்றை இழுத்தால் அது நேரே மோட்டாரின் மின்சாரத்தை அறுக்கும். அந்த வருஷம்தான் எல்லாவற்றையும் கன்ட்ரோலர் வழியாக விட்டார்கள். "மூணாவது கயிறு தொட்டதுக்கெல்லாம் வண்டிய நிறுத்துது. ஒரு நாளைக்கு எட்டுத் தடவ. இப்போதைக்குக் காலி எடத்துக்கு அனுப்பு" என்றார். "சார், அது உயிர்க்கயிறாச்சே" என்று அவள் கேட்டாள், கேட்டது நிஜம். "ரெண்டு நாள்ல சுவிட்ச மாத்திட்டு நானே சரிபண்ணிருவேன். எழுது." அவள் எழுதினாள். இரண்டு நாளில் சரிசெய்திருப்பார் என்று நினைத்துக்கொண்டாள். பிறகு நினைக்கவேயில்லை.

ஆலையின் பதிவேடு முகவரிகளை மட்டும்தான் படிக்கும். கயிற்றின் சேதி அந்த முகவரிக்கு வரவில்லை என்றால் கயிறு இழுக்கப்படவில்லை என்றுதான் எழுதும். ஆனால் எந்தக் கம்பி எந்த நொடியில் அசைந்தது என்பதைப் பழைய கன்ட்ரோலர் தன் போக்கில் உள்ளே குறித்து வைத்திருக்கும். அதை யாரும் திறந்து பார்ப்பதில்லை. யுஸ்னி திறந்தாள். நவம்பர் பதினெட்டுக்குப் போனாள்.

காலை பத்து நாற்பத்திரண்டு. ஏழாம் நொடி. எட்டாம் நொடியில் இரண்டு. ஒன்பது. பதினொன்று. பதினான்கு.

இருபத்தொன்று.

பதினான்குக்கும் இருபத்தொன்றுக்கும் நடுவே இருந்த வெள்ளை இடத்தை அவள் வெகு நேரம் பார்த்தாள். ஏழு நொடி. அந்த ஏழு நொடியில் உருளை எதுவரை வந்திருக்கும். முழங்கை. தோள். அதற்குப் பிறகும் அவன் இடது கையை உயர்த்தியிருக்கிறான். அதற்குப் பிறகும் நம்பியிருக்கிறான்.

வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகை வரவில்லை. 

படியில் காலடி கேட்டுத் துள்ளித் திரும்பினாள். பசாரிபு. கையில் பெருநாள் பிஸ்கட் டப்பா.

"என்ன தங்கச்சி, பேயறைஞ்ச மாதிரி இருக்க?"

"அண்ணே, அன்னிக்கு அவர வெளிய எடுத்தது நீங்கதானே?"

அவர் டப்பாவை மேசையில் வைத்தார். மூடியைத் திறக்கவில்லை.

"அவர் எடது கைய நீங்க பாத்தீங்களா?"

 "உள்ளங்கைல கயிறு அறுத்திருந்துச்சும்மா" என்றார், தரையைப் பார்த்தபடி. "எலும்பு தெரிய. சார்கிட்டச் சொன்னேன். வாய மூடிட்டு இரு, ரெண்டு பொண்ணு படிக்குதுல்லன்னாரு. மூடிட்டேன்." அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "என்னைய மன்னிச்சிரு."

"கேட்டுக்குப் போங்கண்ணே. என்ன சத்தம் கேட்டாலும் உள்ள வராதீங்க."

ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை. வாய் தானாகச் சொன்னது. பசாரிபு அவள் முகத்தைப் பார்த்தார். அவளுக்குப் பின்னால் கண்ணாடியைப் பார்த்தார். அங்கே என்ன கண்டாரோ, மறுபேச்சில்லாமல் விறுவிறுவென்று இறங்கிப் போனார்.

யுஸ்னி திரும்பிப் பார்க்கவில்லை. கண்ணாடிப் பக்கமிருந்து முதுகில் குளிர் அடித்தது, ஆற்றங்கரைச் சேற்றின் குளிர். தோளுக்கு மேல் வியர்வையும் ரப்பர்ப் பாலும் கலந்த வாடை. ஒரு மனிதனின் வாடை. தினமும் சாயங்காலம் கதவைத் திறந்தால் முதலில் வீட்டுக்குள் வரும் வாடை.

வாக்கி-டாக்கியை எடுத்தாள்.  

"சார்."

"என்னம்மா, எங்க போய்ட்ட? எத்தன தடவ கூப்பிடுறது?"

"தர்மிஸி கயிற இழுத்தாரா சார்?"

கரகரப்பு. மழை.

"இழுத்திருந்தா நின்னிருக்கும்ல. இப்ப எதுக்கு அது?"

"ஏழு தடவ இழுத்திருக்காரு. பழைய கன்ட்ரோலர்ல இருக்கு. நேரத்தோட இருக்கு."

மறுபடி பேசியபோது ஹர்யோனோவின் குரல் மாறியிருந்தது. இப்போது அது மெதுவாக, வழுவழுப்பாக வந்தது. "இங்க பாரு யுஸ்னி. அந்த வரிய யாரு எழுதுனதுன்னும் அதுல இருக்குமே. பாத்தியா? உன் பேரு. உன் பாஸ்வேர்டு. நான் சொன்னேங்குறதுக்கு என்ன சாட்சி? போலீசுக்குப் போ. புருஷனக் கொன்னவன்னு உன் பொண்ணு ஊர்ல கேக்கட்டும். நான் இப்ப மேல வரேன். பழசக் கழட்டிக் குடு. அத ஆத்துல போட்டுட்டு ரெண்டு பேரும் பொழப்பப் பாப்போம்."

"எங்க சார் நிக்கிறீங்க?"

"மூணாவது பக்கத்துல. ஏன்?"

பதினான்காம் விளக்கு எரிந்தது. அணையவில்லை.

கீழே ஏதோ முனகியது. கனத்த இரும்பு, நெடுநாள் உறக்கத்திலிருந்து புரண்டு படுப்பது போல. பிறகு ஒரு ஈரமான உரசல். நிதானமான, சீரான உரசல். இந்த ஆலையில் வேலை பார்த்தவர் எவரும் தூக்கத்திலும் அடையாளம் கண்டுகொள்ளும் சத்தம்.

"யாரு... யாரு மெஷின ஓட விட்டது?"

திரையைப் பார்த்தாள். மோட்டார், நின்றிருக்கிறது. மின்சாரம், சைபர். வேகம், சைபர். மெயின் பூட்டின் சாவி கால்சட்டைப் பையில் தொடையை அழுத்தியது.

"யாரும் இல்ல சார். மெயின் ஆஃப்ல இருக்கு."

"சுத்துதுடி! கண்ணு முன்னாடி சுத்துது!" செருப்பு வழுக்கும் ஓசை. துணி கிழியும் ஓசை. "என் சட்டை... என் சட்டையப் பிடிச்சிருக்கான்... யாரோ நிக்கிறான் இங்க..."

"யாரு சார்?"

அவர் வேறு மாதிரி கத்தினார். பெரிய மனிதர் கத்துவது போலவே இல்லை.

"நிறுத்து! யுஸ்னி, நிறுத்து! கயிற இழுக்குறேன், இழுக்குறேன்!"

விளக்கு அணைந்தது. எரிந்தது. அணைந்தது. எரிந்தது. அவர் இழுக்கிற ஒவ்வொரு இழுப்பும் கம்பியில்லாத அந்தத் துளைக்கு வந்துகொண்டிருந்தது. திரையில் பட்டியல் திறந்தபடி கிடந்தது. மூன்றாம் உருளை, கயிறு. அதற்கு எதிரே முகவரி எழுத வேண்டிய கட்டம் காலி. கோடு ஒன்று அதில் மின்னி மின்னிக் காத்திருந்தது. ஆறே எழுத்து. அதை எழுதினால் சேதி போய்ச் சேரும். போய்ச் சேர்ந்தால் நிற்கும். மின்சாரமே இல்லாமல் ஓடுகிற எந்திரம் அதற்கு மட்டும் எப்படிக் கட்டுப்படும் என்று அவள் யோசிக்கவில்லை. கட்டுப்படும். அது அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது. பின்னால் நின்றவன் அதற்காகத்தான் காத்துக்கொண்டிருந்தான். எழுதுவாளா என்று பார்க்க.

"யுஸ்னி! அம்மா! முழங்கை வந்துருச்சு! கும்பிடுறேன்மா!"

விரல்கள் விசைப்பலகை மேல் இருந்தன. முதல் எழுத்தை அழுத்தினாள்.

சுவரொட்டி ஞாபகம் வந்தது. அந்தச் சிரிப்பு. நேற்று கபரில் தூவாமல் திரும்பக் கொண்டுவந்த பூ.

எழுத்தை அழித்தாள். இரண்டு கைகளையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு ஒரு கையால் வாக்கி-டாக்கியைத் தூக்கி, பச்சை விளக்கு வெறிபிடித்தது போல் துடிப்பதைப் பார்த்துக்கொண்டே, அமைதியாகச் சொன்னாள்.

"கயிறு இழுத்ததா இங்க ஒண்ணும் காட்டல சார்."

அதற்கு அப்புறம் வந்தவை வார்த்தைகள் இல்லை.

அவள் வாக்கி-டாக்கியை அணைக்கவில்லை. முழுக்கக் கேட்டாள். கேட்டு முடித்தபோது தன் உதடு ஒரு பக்கமாக இழுத்திருப்பதை உணர்ந்தாள். அது சிரிப்பு என்று தெரிந்ததும் பயம் வந்தது. முதல் முறையாக, உண்மையான பயம்.

விளக்கு அணைந்தது. தோளுக்குப் பின்னால் இருந்த குளிர் விலகிற்று. படியில் யாரோ இறங்கிப் போகும் ஓசை. ஈரக் காலடிகள். அவசரமில்லாதவை.

மழை நின்றிருந்தது. கூரையிலிருந்து சொட்டும் நீரும் அந்த உரசலும் மட்டும். உரசல் இன்னும் நிற்கவில்லை.

போகக் கூடாது என்று நினைத்தாள். போனாள்.

கொட்டகைத் தரை கழுவி விட்டது போல் இருந்தது. ரத்தம் இல்லை. ஒரு துளி இல்லை. மெயின் சுவிட்சில் அவளுடைய பூட்டு அப்படியே தொங்கியது. ஒன்றாம் உருளை நின்றிருந்தது. இரண்டாம் உருளை நின்றிருந்தது. மூன்றாவது, மோட்டார் சத்தமே இல்லாமல், மெல்லச் சுழன்றது. ஹர்யோனோவின் வாக்கி-டாக்கி ஒரு செருப்புக்குப் பக்கத்தில் கிடந்தது. அவள் அழுத்திப் பிடித்து வந்த இன்னொன்றின் வழியே அவள் மூச்சு அதில் அவளுக்கே கேட்டது.

உருளைகளுக்கு அடியிலிருந்து தாள் இறங்கிக்கொண்டிருந்தது. எப்போதும் வரும் ரப்பர்த் தாள் போலத்தான். அகலமாக, சொரசொரப்பாக, பொத்தல் பொத்தலாக, பின்னல் துணி போல. நிறம் மட்டும் வேறு. அதன் மேல் ஹர்யோனோ பெருநாளுக்கு எடுத்த பாத்திக் சட்டையின் மயில்கள் கழுத்து நீண்டு, தோகை அகன்று, ஒரு முழம் இரண்டு முழமாகப் படர்ந்திருந்தன. ஒரு இடத்தில் கைக்கடிகாரம். தட்டையாக. முள் ஓடிக்கொண்டிருந்தது.

தாளின் கடைசி நுனி உருளையிலிருந்து விடுபட்டது. கீழே விழவில்லை. அதை வாங்கிக்கொள்ள ஆள் நின்றிருந்தான்.

முதுகுதான் தெரிந்தது. ஆலைச் சட்டை. இடது கையில் தாளின் ஒரு முனை. வலது தோளிலிருந்து இறங்கியது கை இல்லை. அதுவும் ஒரு தாள். வெளிறிய, நைந்த, நீளத் தாள். ஆனால் அதன் நுனி விரல்களைப் போலவே மடங்கி மறு முனையைப் பிடித்திருந்தது.

"மிஸி" என்றாள். 

அவன் திரும்பினான். முகம் அவன் முகம்தான். கோபம் இல்லை. துக்கம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கொல்லையில் உலர்ந்த படுக்கை விரிப்பை மடிக்க, தனியாக முடியாமல், வாசலைப் பார்த்து அவளைக் கூப்பிடும் அதே முகம். தாளின் மறுபக்கத்து இரண்டு முனைகளையும் அவள் பக்கம் எறிந்தான். பழக்கத்தில் அவள் கைகள் நீண்டு பிடித்துக்கொண்டன.

சூடாக இருந்தது.

நடுவே தாள் தொய்ந்து தொங்கியது. அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. விரல்களைப் பார்த்தான். அந்த வரியைத் தட்டச்சு செய்த பத்து விரல்களையும், ஒவ்வொன்றாக.

பிறகு விரிப்பை இழுத்துச் சமன் செய்வது போல ஒரு அடி பின்னால் வைத்தான். உருளைகளை நோக்கி.

தாள் விறைத்தது.

விட்டுவிடு என்று விரல்களிடம் சொன்னாள். அவை விடவில்லை. ஈரத் தரையில் அவள் பாதங்கள் வழுக்கின. அவன் அவசரப்படவில்லை. இன்னொரு அடி.